கரையாத சர்க்கரை

“அசையாம படுங்கக்கா. மூச்சு சாதாரணமா விடுங்க” என்றாள் எலும்பு ஸ்கேன் எடுக்கும் பெண்.



இயந்திரத்தின் கை என் இடுப்புக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. ஆறு வருடமாக நான் சொல்லிவந்த பொய் இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. எலும்பு வெறும் கல் இல்லை, அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனால் அவை கொத்துக்கொத்தாகச் சாகுமாம். தினம் ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டால் சாகவிடாமல் காக்குமாம்.

என் காதில் விழுந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரு சொல்தான். மார்பில் கட்டி வந்து செத்துப்போன என் அக்காவின் ஃபைலிலும் அது இருந்தது.

உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். கடைசி மூன்று மாதம் அக்காவைக் குளிப்பாட்டியவள் நான்.

என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். காலையில் மாத்திரையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார். நானும் நாக்குக்கடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்து, ஆவென்று வாயைத் திறந்து காட்டிவிட்டு, வாஷ்பேசினில் போய்த் துப்பிவிடுவேன்.

ஆறு வருடத்தில் ஒன்றுகூட உள்ளே போனதில்லை.

முதல் மாதத்தில் ஒருநாள் மட்டும், துப்பியது ஓட்டைச் சல்லடையில் சிக்கிக்கொண்டது. வாசலில் யாரோ மணியடித்தார்கள். போய்விட்டு வந்து பார்த்தால் காணவில்லை. தண்ணீரோடு போயிருக்கும், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் எதிரில் நிற்பதை விட்டுவிட்டார். மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு சரி. காலை டீயையும் தானே போட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

போடத்தான் தெரியும், கலக்கத் தெரியாது அந்த மனிதருக்கு. கடைசி மடக்கில் சர்க்கரை கரையாமல் மாவாக நிற்கும். தினமும் திட்டிக்கொண்டேதான் குடிப்பேன்.

போன மாதம் என் தோழி ஒருத்தி வாளியைத் தூக்கினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவளுக்கும் இதே ஆபரேஷன், அவளும் மாத்திரையை விட்டவள். முறிந்த சத்தம் காதில் கேட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் படி இறங்கப் பயம். தும்மினாலும் பயம்.

ஸ்கேன் பெண் திரையைப் பார்த்தாள். பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.



“மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்ல போல. ஆறு வருஷம் முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குக்கா எலும்பு.”

அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தேன். சேலையைச் சரிசெய்து, செருப்பைத் தேடிப் போட்டேன்.

இரண்டாவது செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது: ஒரு மாத்திரைகூட உள்ளே போகாமல் எலும்பு எப்படி அப்படியே இருக்கும்?

வெளியே பெஞ்சில் அவர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைவலி என்றாலே நாலு தடவை விசாரிக்கிற ஆள். ரிப்போர்ட் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றி நீட்டினார்.

“காலையில குடிக்காமலே ஓடிவந்துட்டியேம்மா. குடி, இன்னைக்கு நல்லா கலக்கியிருக்கேன்.”

வாங்கிக்கொண்டேன். அக்காவுக்கு மார்பில் முதலில் எந்தப் பக்கம் கட்டி வந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.