அந்தச் சிரிப்பு

"ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, வச்சிடறேன்." டாக்டர் வீடியோ காலில் குழைவதை மனைவி கேட்டுவிட்டாள்.

"யாருங்க அது?"

"பேஷன்ட். அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நிக்குதும்மா."

தன் சிரிப்பு அங்கே ஒருநாளும் நின்றதில்லை. துணிமணிகளைப் பெட்டியில் அடைத்தாள். கிளம்புமுன் அந்தச் சிரிப்புக்காரியை ஒரு கை பார்த்துவிடலாமென்று, அவர் தினமும் கூப்பிடும் பேஷன்ட்டின் விலாசத்தைக் கிளினிக்கில் வாங்கிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவர் முறுக்கு மீசைக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"என் வீட்டுக்காரர் தினமும் யாரைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சறாரு? கூப்பிடுங்க அவளை!"

"என்னைத்தாம்மா" என்றவர், பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு நீட்டினார். "அவர் கட்டினதுலயே இதுதான் அழகாம். தொல்லை தாங்கல. கொண்டுபோய் அவர்கிட்டயே குடுத்துடுங்க. நான் சோத்தைக் கரைச்சுக் குடிச்சுப் பொழச்சுக்கறேன்."

ஒரு கையில் டப்பா, மறு கையில் பெட்டியுடன் கணவர் முன் நின்றாள்.

டாக்டர் பதறிப்போய் எழுந்தார்.

"மெதுவாம்மா! டப்பாவைக் கீழ போட்டுடாதே."