கடலில் விழுந்த மாப்பிள்ளை

"விட்டுடாதே மாப்பிள்ளை... உன்னைத்தான் நம்பியிருக்கேன்!"

வாயில் அடித்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மாலுமி கதறினான். மாப்பிள்ளை ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு மல்லாந்து மிதந்தான். முகத்தின் மேல் அலை ஏறி இறங்கியும் ஒரு இருமல் இல்லை.

மாலுமிக்கு மிதவைச் சட்டை கிடையாது. உடம்பில் இருந்தது கடலோடு கடலாகக் கலந்துபோகும் நீல வேலை உடுப்பு மட்டும்தான். மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரைக் கையில் வைத்திருந்தான்.

போர்க்கப்பலில் எல்லாரும் வைத்த பெயர்தான் 'மாப்பிள்ளை'. ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டான். ஆனால் அவனுக்கு ஒன்று என்றால் கேப்டன் முதல் சமையற்காரர் வரை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாக வேண்டும்.

அன்று காலை லெப்டினன்ட் மாலுமியை ஓரமாக அழைத்துக் காதைக் கடித்தார்.

"மாப்பிள்ளையைப் பின்தளத்துக்குக் கொண்டு போ. யாரும் பார்க்காத நேரமாப் பார்த்துக் கடல்ல தள்ளிடு."

"கேப்டனுக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சா எல்லாம் கெட்டுதே! வேலை முடிஞ்சதும் கமுக்கமா கீழ போய்ப் படுத்துக்கோ. கொஞ்ச நேரத்துக்கு உன் தலையே மேல தெரியக் கூடாது."

மாலுமி சொன்னபடி செய்தான். தள்ளும்போது ஈரத் தளம் காலை வாரிவிட, பிடித்த பிடியோடு அவனும் சேர்ந்து விழுந்து தொலைத்தான். பாவி, அந்த நேரத்தில் அய்யோ என்றுகூட வாயில் வரவில்லை.

கொஞ்ச தூரம் போன கப்பலில் திடீரென்று சங்கு அலறியது. "ஆள் கடல்ல! ஆள் கடல்ல!" என்று ஒலிபெருக்கி கத்தியது. அவ்வளவு பெரிய கப்பல் வளைந்து திரும்பியது.

மாலுமிக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி மனைவி வாசலில் நின்று பயந்தபோது, "கடல்ல விழுந்தா கப்பலே திரும்பி வரும்டி. பஸ்ல இருந்து விழுந்தாத்தான் ஒருத்தனும் நிறுத்த மாட்டான்" என்று கேலி செய்துவிட்டு வந்திருந்தான். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் போனதும் முதல் வேலையாக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"இங்க! இங்க!" என்று சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனான். பிடி விட்டதும் காற்று மாப்பிள்ளையைச் சர்ரென்று தள்ளிக்கொண்டு போனது. நீந்திப் பிடிக்கப் பார்த்தான். தண்ணீர் குடித்த பூட்ஸ் இரண்டும் கல்லாய்க் கனத்துக் கீழே இழுத்தன.

கப்பலிலிருந்து இறக்கிய படகு மாப்பிள்ளையை நோக்கிப் பறந்தது. நல்லது, முதலில் அவனையே எடுக்கட்டும். எடுத்துவிட்டு இந்தப் பக்கம் ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும்.

"அண்ணே! நான் இங்க இருக்கேன்ணே!"

படகின் எஞ்சின் இரைச்சல் அவன் குரலை விழுங்கியது. படகோட்டி மாப்பிள்ளையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

படகு திரும்பியது, கப்பல் பக்கமாக.

"டேய்! பாருங்கடா... கொஞ்சம் இங்க பாருங்கடா!" அடுத்த அலை அவன் வாயை அடைத்தது. முழுகி எழுந்தபோது ஒலிபெருக்கியின் குரல் காற்றில் தெளிவாகக் கேட்டது.

"பொம்மை கிடைச்சாச்சு! பயிற்சி முடிஞ்சுது, கிளம்பலாம்!"