யாரிடம் நிற்கிறது?

“நாலு நாளா ஒரு லாரிகூட நகரல, உங்க கிளவுட் சாஃப்ட்வேர் வந்த நாள்லேர்ந்து...”

“சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீங்க நிஷிவாகி-சான்! பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுத காலம் முடிஞ்சாச்சு. அதோட சேர்ந்து நீங்களும் இந்த மாசமே கிளம்பலாம்.”

ஒசாகா திருகாணி ஆலையின் மேலாளர் குராமோச்சி, முதலாளியின் முன்னாலேயே இப்படிச் சொன்னார். நிஷிவாகி அங்கே முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெண் குமாஸ்தா.

“அது இருக்கட்டும், சரக்கு ஏன் போகல?” என்றார் முதலாளி.

“எவனோ ஒரு சோம்பேறி ஒப்புதல் கொடுக்காம உக்காந்திருக்கான். இதுல எதையும் மறைக்க முடியாது, முதலாளி. அந்தத் தண்டச்சோத்தை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்!”

“அனுப்பிடலாம். யாரு?”

குராமோச்சி சாஃப்ட்வேரின் ஒப்புதல் திரையை முதல்முறையாகத் திறந்து, முதலாளி பக்கம் பெருமையாகத் திருப்பினார்.

இருநூற்றுப் பதினான்கு ஆர்டர்கள். ஒவ்வொன்றும் காத்திருந்தது ஒரே ஆளுக்காக: குராமோச்சி.

நிஷிவாகி மெல்லத் தலைகுனிந்து வணங்கினாள்.

“பதினோரு வருஷமா உங்க ஒப்புதல் முத்திரை என் டிராயர்லதான் கிடக்குது, மேனேஜர் சார். நீங்க தூங்கினாலும் நானே குத்தி அனுப்பிடுவேன். இந்தச் சாஃப்ட்வேர் உங்க விரல் ரேகையையில்ல கேக்குது?”