வசவுக்காரியின் வண்டி

"வந்துட்டியாடா வெட்கங்கெட்டவனே. நேத்து தின்னது செரிச்சுப்போச்சா, இன்னைக்கும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கிறே?"

உல்ஜிரோ சந்தில் தள்ளுவண்டிக்காரி மல்சுன் இப்படி வரவேற்றதும், விளக்குக் கம்பெனி முதலாளி நாம்குங் ஓரடி பின்வாங்கினார். திட்டு அவருக்கு இல்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் பியோவுக்கு. பியோவோ, கழுத்தில் மாலை விழுந்தவர் போல மலர்ந்து நின்றார்.

"பயந்துடாதீங்க சார். சித்தி அப்படித்தான். இங்க சாப்பாட்டோட திட்டும் சேர்த்தி," என்றார். கடைக்காரப் பெண்களைச் சித்தி என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

வாய்க்கு வந்தபடி ஏசுகிற கடைக்காரிகள் கொரியாவின் சியோல் நகரத்துக்குப் புதிதல்ல. பாசம் இருக்கிற இடத்தில்தான் வசவு விழும் என்று நம்பி, கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூட வரிசையில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். மல்சுனும் அந்த ரகம்தான் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் பியோ.

போன இலையுதிர் காலத்தில், தன் கீழே வேலை செய்கிறவர்களோடு அவர் முதன்முதலாக இந்த வண்டிக்கு வந்தார். மல்சுன் அவர் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் படித்தாள். பிறகு ஆரம்பித்தாள். கூட வந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். பியோ மட்டும் வயிறு குலுங்கச் சிரித்து, இதல்லவா கடை என்று இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அவர் ஆபீஸில் யாரும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதில்லை. காலை முழுக்க அவர் அவர்களைத் திட்டுவார். மதியம் அவரை ஒருத்தி திட்டுவாள். இதைவிட ருசியான சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும்?

இன்று முதலாளியையே கூட்டிவந்ததற்குக் காரணம் இருந்தது. டைரக்டர் நாற்காலி ஒன்று காலி. எளிய மனிதர்களோடு ஒட்டிப் பழகுகிறவன் என்றால் முதலாளிக்குப் பிடிக்கும் என்று பியோவின் காதுக்கு எட்டியிருந்தது. சரக்கு சுமார் என்றால் கண்ணில் படும்படி அடுக்க வேண்டும். பியோ தன்னைத்தானே அடுக்கிவைக்க வந்திருந்தார்.

"சித்தி, இவர்தான் எங்க முதலாளி. இன்னைக்கு என்னை வஞ்சனை இல்லாம திட்டணும், சொல்லிட்டேன்."

"முதலாளியா?" என்று மட்டும் கேட்டாள் மல்சுன். எண்ணெய்ச் சட்டியில் கணவாய் பொரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கில்ஹோ நிமிர்ந்து பார்த்தார். பிறகு, எண்ணெய்ச் சத்தம் அடங்கட்டும் என்று அடுப்பைக் குறைத்தார்.

சிவப்புக் குழம்பில் கொதித்த அரிசிமாவுக் கொழுக்கட்டைகளைத் தட்டில் அள்ளிப் போட்டபடியே அவள் தொடங்கினாள். பியோவின் நடையை, தொப்பையை, தலையில் ஒட்டவைத்திருந்த நாலு முடியை எல்லாம் வரிசையாக ஒரு சுற்று வந்தாள். குச்சியில் கோத்த மீன் அடையைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"அடுத்தவ உழைப்பைத் தின்னு வளர்ந்த உடம்புடா இது. பொம்பளைப் பிள்ளைங்க கண்ணீர்ல தோய்ச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள மினுக்குறே. உனக்கு ஒரு நாற்காலி கேடா? நீ உக்காந்தா அந்த நாற்காலியே எந்திரிச்சு ஓடிப்போயிடும்."

கூட்டம் கைதட்டியது. முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தனையும் உண்மைதான் சார்," என்று பியோவும் கைகட்டி நின்று ஒத்து ஊதினார். மறுபடி ஒரு சிரிப்பலை.

இதெல்லாம் எல்லாருக்கும் வாய்க்காது என்று அவர் முதலாளிக்கு விளக்கினார். எத்தனையோ பேர் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டார்களாம். அவரைத் தவிர வேறு யாரையும் அவள் ஒரு வார்த்தை ஏசியதில்லையாம். அந்த அளவுக்குத் தன்மேல் பாசமாம்.

முதலாளி அவர் தோளில் தட்டினார். "இவ்வளவு திட்டையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிற மனசு இருக்கே பியோ, இந்த மாதிரி ஆள்தான் மேலே வரணும். திங்கக்கிழமை பேசிக்கலாம்."

பியோவின் கால் தரையில் பாவவில்லை. சாப்பிட்ட கையோடு முதலாளிக்குக் காப்பி வாங்கிவர எதிர்ச்சாரிக்குத் தானே ஓடினார். தன் காப்பியைக்கூட இதுவரை தான் தூக்கியறியாத மனிதர்.

முதலாளி மட்டும் வண்டியருகே நின்றார். தட்டைக் காலி செய்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஏம்மா, எனக்கும் ரெண்டு வார்த்தை திட்டக் கூடாதா? இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போற மாதிரி இருக்கு."

மல்சுன் காகிதக் கோப்பையில் சூடான மீன் ரசத்தை நிரப்பினாள். தலை தாழ்த்தி, இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினாள். இத்தனை நேரம் சந்தே அதிரக் கத்தியது இந்த வாய்தானா என்று நினைக்கும்படி, மெதுவான குரலில் சொன்னாள்:

"உங்களை நான் எதுக்குங்க திட்டணும்? என் பொண்ணை அழ வச்சு ஆபீஸை விட்டுத் துரத்தினது நீங்க இல்லையே."