கோணல் மூக்கு

பிறந்ததும் கண்ணில் வைக்கும் லென்ஸை யாரும் கழற்றுவதில்லை. எந்த மனித முகத்தையும் அது தழும்பு நீக்கி, கோணல் நிமிர்த்தி, அழகாக்கித்தான் காட்டும். புகைப்படங்களும் அப்படியே. அதனால் சூசை இறந்தபோது அவருடைய நிஜ முகம் எந்தப் படத்திலும் இல்லை.

ஞாயிறுதோறும் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி ரெஜினாவின் கைகளுக்கு மட்டும் அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட நினைவிலேயே களிமண்ணில் அவரைச் செய்துகொண்டிருந்தாள். மகள் அனிலா பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் மண்ணை மண்ணாகவே காட்டியது.

கடைசியாக ரெஜினா மூக்கை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தாள்.

"அம்மா, மூக்கு தானா நிமிருது."

ரெஜினா தடவிப் பார்த்தாள். "இல்லடி. கோணலாத்தான் இருக்கு."

அனிலாவுக்குப் புரிந்தது. மண்ணை மனிதன் என்று நம்பி லென்ஸ் அழகாக்கத் தொடங்கியிருந்தது.

மெதுவாக லென்ஸைக் கழற்றினாள். கோணல் மூக்கும் தாடைத் தழும்புமாக, தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரை முதல்முறையாகப் பார்த்தாள்.

"இதுதானாம்மா அப்பா?"

"இதாண்டி."

அனிலாவின் கை தன்னையறியாமல் தன் மூக்குக்குப் போனது. அதே கோணல் அங்கேயும் இருந்தது.