சன்னாசி எடுத்த கல்

ஈப்போ மண்டபத்தில் கனிமக் கண்காட்சி முடியும் நேரத்தில் அந்த அம்மாள் டொமினிக்கின் மேசை முன்னால் வந்து நின்றார்.

எழுபது வயதைத் தாண்டியிருந்தார். பெயர் மங்களம் என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக மின்னிய ஈயக்கல்லை அவர் பார்க்கவில்லை. அதன் கீழிருந்த பழுப்புத் தாளையே பார்த்தார்.

“மவ போன்ல இதோட படம் காட்டுனா தம்பி. செமோர்லேருந்து பஸ் ஏறி வாரேன். எனக்கு இங்கிலீஸ் தெரியாது, கொஞ்சம் படிங்களேன்.”

டொமினிக் காலையிலிருந்து அதை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருந்தான். அந்தத் தாளுக்காகத்தான் முதல் பரிசே கிடைத்தது. கல் எங்கே, யார் கையில் கிடைத்தது என்பது தெரியாவிட்டால் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“செமோர் ஈயச் சுரங்கம், 1956. மண் சரிந்த அன்று காலையில் தொழிலாளி சன்னாசி எடுத்தது.”

மங்களம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கப்பாதான். அன்னிக்கு ஈய லம்பத்துக்கே வேலைக்கு வரல, எவளோடயோ ஓடிட்டாருன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. உடம்பும் கிடைக்கல. அம்மா சாகுற வரைக்கும் சனங்க அதத்தான் பேசுச்சு.”

டொமினிக்கின் காது சுட்டது.

“சன்னாசின்னு வேற யாராவது இருந்திருக்கலாம்மா.”

“அந்த லம்பத்துல ஒரே சன்னாசிதான் தம்பி.”

அவன் வாயைத் திறந்தான். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். கல்லையும் தாளையும் சேர்த்தே நீட்டினான்.

“கல்லு எனக்கு எதுக்குலா? இது போதும். அம்மா படத்துக்கிட்ட வைக்கணும்.”

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடிக்காமல் பைக்குள் வைத்தார். வாசல் வரை போய், திரும்பி அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

பஸ் புறப்பட்டிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் டொமினிக் எழுந்தான். பரிசுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடுவர் கிளாரிசாவிடம் போனான்.

கல் போன மாதம் பொலிவியாவிலிருந்து தபாலில் வந்தது என்றான். தாளை எழுதியது தான்தான் என்றான். தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்ததையும், செமோர் மண்சரிவைப் பழைய பத்திரிகையிலிருந்து எடுத்ததையும், தொழிலாளிக்கு ஒரு தோட்டத் தமிழர் பெயராக இருக்கட்டும் என்று வாயில் வந்ததை எழுதியதையும் சொன்னான்.

கிளாரிசா கோப்பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

“சரி, அந்தத் தாள் எங்கே? கிழித்துப் போட வேண்டும்.”

டொமினிக், மங்களம் கும்பிட்டுவிட்டுப் போன வாசலைப் பார்த்தான்.