பழைய உடம்பு

உத்திரமேரூர் ஏரிக்கரையின் மண்பாதையில் ஷாரோன் ஓடி வருகிறாள். தண்ணீரின்மேல் காலை வெயில் இன்னும் மஞ்சளாகவே கிடக்கிறது. கையில் ஸ்டாப்வாட்ச்சோடு கணவன் வசந்த்குமார் பைக்கில் பின்னாலேயே வருகிறான். பத்தாயிரம் மீட்டரில் இரண்டு முறை தேசிய சாம்பியன் அவள். போன வருஷம் பிறந்த பெண் குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு முழு தூரத்தையும் அவள் நேரம் பார்த்து ஓடுவது இதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் ஆசியப் போட்டி. மதகைத் தாண்டியதும் நின்று, குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். கீழே வயலில் நாற்று நடும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வசந்த்குமார் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வருகிறான்.

"முப்பத்திரண்டு நாப்பது! கொயந்த பொறக்கறதுக்கு முன்னாடி ஓடுனத வுட நாலு செகண்டு கம்மி. பழைய ஷாரோனு வந்துட்டா!"

அவன் கண்ணில் நீரோடு சிரிக்கிறான். அவள் மெல்ல நிமிர்கிறாள். வியர்வையில் ஒட்டிய பனியனின்மேல், வயிற்றில் உள்ளங்கையை வைக்கிறாள். அது பலகைபோல் இறுகியிருக்கிறது.

"ஆமா, எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. அவ இங்க இருந்தான்றதுக்கு ஒரு அடையாளம்கூட இல்ல, வசந்து. நானே ஓடிக்கினு ஓடிக்கினு அழிச்சிட்டேன்."

வசந்த்குமாரின் சிரிப்பு நின்றுபோகிறது. குழந்தை உதைப்பதைத் தொட்டுப் பார்க்க முன்பெல்லாம் வைத்த இடத்தில் அவன் கையை வைக்கிறான். அங்கே அவளுடைய மூச்சு மட்டும் ஏறி இறங்குகிறது.